வீட்டுக்குள் இருந்த கந்தோர்

“வீட்டிலைதானே நிக்கிறீங்கள்” என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அந்த அக்காவுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். குரலை உயர்த்த மாட்டார். “வீட்டிலை இல்லை. வீட்டுக்குள்ளை இருக்கிற கந்தோரிலை நிக்கிறன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த ஆளின் கடிதத்தை வாங்கி நிறுத்துப் பார்ப்பார்.

வட்டக்கச்சியில் எங்கள் பக்கத்து உபதபால் கந்தோர் அவருடைய வீட்டு முன்னறைதான். அவர் உபதபாலதிபர், நான் அவருக்குக் கீழே தபால்காரன். ஊரில் அவருக்குக் கந்தோர் அக்கா என்றுதான் பெயர். கலியாண அழைப்பிதழிலும் அப்படித்தான் எழுதி வரும்.

ரோட்டைப் பார்த்தபடி முன்னறை. அதற்குப் பின்னால் அக்காவின் கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், படுத்திருக்கும் அறை. அதற்கும் பின்னால் குசினி. முன்னறைக்கும் நடு அறைக்கும் இடையில் ஒரு கதவு இருந்தது. அதன்மேல் குறுக்கே இரண்டு பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். ஆகவே குசினியில் நிற்கிற அக்கா கந்தோருக்கு வர வேண்டுமென்றால் பின்பக்கத்தால் இறங்கி, முற்றத்தால் சுற்றி, படலையைத் திறந்து ரோட்டுக்கு ஏறி, பதினைந்து அடி நடந்து, முன்னறைக் கதவைத் திறக்க வேண்டும். காலை எட்டரைக்கு அப்படித்தான் வருவார். கஞ்சி போட்ட சேலை, தோளில் கைப்பை, கையில் குடை. மழை என்றால் அந்தப் பதினைந்து அடிக்கும் குடை விரியும். பன்னிரண்டுக்குப் பூட்டிக்கொண்டு அதே வழியால் திரும்புவார். ஒரு மணிக்கு மறுபடி வருவார். நாலரைக்கு வேலை விட்டு வீட்டுக்குப் போவார்.

சமாதான காலத்தில் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து, மோட்டார் சைக்கிளில் துணி கட்டி விற்ற முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். எங்களிடம் கடிதம் போட வருவார். அக்கா குடையோடு படலை திறப்பதைக் கண்டால் அவருக்கு வாய் சும்மா இராது.

“பஸ் பிந்திப்போச்சோ தங்கச்சி?”

“இல்லை நானா. இண்டைக்கு நேரத்தோடை வந்திட்டுது.”

“ஓமந்தைச் சோதனைச்சாவடியிலை எல்லாச் சாமானையும் காட்டிப் பாஸ் எடுத்து வந்திட்டன். உங்கட குசினிக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடிக்க ஆரிட்டைப் பாஸ் எடுக்கிறது?”

“நாலரைக்குப் பிறகு வாங்கோ. பாஸ் தேவையில்லை.”

சிரித்தாலும் கை நிற்காது. நானாவின் கடிதத்தில் சீல் விழுந்துவிடும்.

ஊர் அதை ஒரு கிறுக்கென்றே எடுத்துக்கொண்டது. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் அந்த முன்னறையில் நாலைந்து மாதம் இருந்து பார்த்தபிறகு, கிறுக்கு யாருக்கு என்று யோசிக்கத் தொடங்கினேன். அக்கா கிணற்றடியில் குளிக்கும்போது வேலிக்கு மேலால் கடித உறையை நீட்டி “ஒரு முத்திரை” என்பார்கள். சாப்பாட்டுக் கோப்பையில் கை வைத்த நேரம் பார்த்து வருவார்கள். ஒருத்தி தன் கைப்பிள்ளையைக் கந்தோர் மர வாங்கில் இருத்திவிட்டு, “நீங்கள் சும்மா வீட்டிலைதானே அக்கா, சங்கக்கடைக்குப் போட்டு வாறன்” என்று போயே விட்டாள். அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார்:

“தம்பி, பாங்கிலை இருக்கிற பிள்ளையைப் பாத்து ஆரும் ‘அடுப்பிலை என்ன கறி’ எண்டு கேக்கிறேல்லை. என்னை மட்டும் கேக்கினம். நான் சீல் குத்தினாலும் அதுக்குள்ளை கறி மணக்குதாம்.”

அண்ணையின் தங்கை ஒருதரம் பூவரசங்குளத்திலிருந்து வந்தா. இரண்டு பஸ் மாறி, பலாப்பழமும் சுமந்துகொண்டு. நேரம் பத்தரை. நேரே முன்னறைக்குள் ஏறி, “என்ன மச்சாள், சுகமோ” என்று கதிரையைத் தேடினா. அக்கா எழும்பவில்லை.

“வாங்கோ மச்சாள். பன்ரண்டுக்கு வேலை முடியும். அந்த வாங்கிலை இருங்கோ.”

“நான் வெளி ஆளோ?”

“இப்ப நானும் இந்த வீட்டுக்கு வெளி ஆள்தான் மச்சாள்.”

மச்சாள் பலாப்பழத்தோடு பின்பக்கத்தால் போய்த் தமையனோடு இருந்துவிட்டு, பன்னிரண்டு அடிக்கமுதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டா. போகும்போது படலையடியில் நின்று, ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்கத்தக்கதாக, “வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு உத்தியோகம் பாக்கிறாவாம்” என்றா. அக்கா தலை நிமிரவில்லை. அன்று மத்தியானம் சாப்பிடவும் இல்லை என்று அண்ணை பிறகு சொன்னார்.

அண்ணையைப்பற்றியும் சொல்லவேண்டும். பள்ளிக்கூடமொன்றில் கிளாக்கராக இருந்தவர். தொண்ணூறுகளில் ஓர் இடப்பெயர்வின்போது வெடித்த செல்லின் துண்டொன்று முதுகில் ஏறி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விட்டது. பிள்ளைகளும் இல்லை. கைகளும் வாயும்தான் அவருக்கு மிச்சம், இரண்டும் நன்றாக வேலை செய்தன.

ஆணி அடித்த கதையை அவரிடம்தான் கேட்டறிந்தேன். சமாதானம் வந்து வவுனியாப் பாதை திறந்த புதிது, நான் வேலைக்கு வரமுதல். அந்தக் கதவு அப்போது திறந்தே கிடந்ததாம். அக்கா ஒரு கையால் சோற்றைக் கிளறுவார், மறு கையால் முத்திரை கிழிப்பார், அண்ணை கூப்பிட்டால் ஓடிவருவார். பக்கத்து ஒழுங்கையில் ஒரு பிள்ளை ஆசிரியர் வேலைக்கு எழுதிவிட்டு நேர்முகக் கடிதத்துக்காகக் காத்திருந்தது. தினமும் வந்து “மிஸ், எனக்கு ஏதும்?” என்று கேட்டுவிட்டுப் போகும். அந்தக் கடிதம் பதிவுத் தபாலில் வந்த அன்று எனக்கு முந்தின தபால்காரர் லீவு. அக்கா அதை மேசையில் வைத்துப் புத்தகத்தில் பதியப் போனபோது அண்ணை தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார். அக்கா எழும்பிப் போனார். செம்பு எடுத்து, தலையைத் தூக்கிப் பிடித்து, குடிக்கக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் மேசையடியில் அயல்வீட்டு மறியாடு நிற்கிறது. அதன் வாயில் பாதிக் கடிதம்.

இதை நான் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. அழவும் இல்லை. எச்சில் ஊறிய மிச்சத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, “மிஸ், நீங்கள் அப்ப எங்கை நிண்டனீங்கள்?” என்று கேட்டதாம்.

“குசினிப் பக்கம்” என்றாராம் அக்கா.

மறு கடிதம் எழுதிப் பதில் வருவதற்குள் நேர்முகத் திகதி முடிந்துவிட்டது. விசாரணைக்கு வந்த அதிகாரி அக்காவை அதிகம் ஏசவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு இது வீடு, எங்களுக்குத்தான் கந்தோர்” என்று சொல்லிப் போனார். அந்த வசனம்தான் அக்காவைத் தின்றது என்று அண்ணை சொன்னார்.

“அண்டு பின்னேரம் நான்தான் சொன்னனான்” என்றார் அண்ணை. “கதவுக்கு ஆணி அடியும். கந்தோர் நேரத்திலை நான் கூப்பிட்டாலும் வராதையும். எனக்கு ஒரு மிடறு தண்ணிக்கு ஒரு பிள்ளையின்ர வாழ்க்கை போட்டுதெண்டு. அவ பலகையைப் பிடிச்சா. அயலிலை ஒருத்தர் வந்து ஆணி அடிச்சார். நான் கட்டில்லை கிடந்து எண்ணினன், எட்டு ஆணி.”

ஆக, அந்தச் சட்டம் அவருடையது. அக்கா அதைக் காத்தார்.

அண்ணைக்கு அதில் ஒரு விளையாட்டும் இருந்தது. கந்தோர் நேரத்தில் அவர் மனைவியைப் ‘போஸ்ட்மாஸ்ரர் அம்மா’ என்பார். வேலை விட்டபிறகுதான், புருசன் பெஞ்சாதியைக் கூப்பிடுகிற ‘இஞ்சாரும்’. ஒருநாள் பதினொரு மணிபோல் நான் பின்னுக்குப் போனபோது ஒரு உறையை நீட்டினார். அவருடைய எழுத்து அச்சுப்போல இருக்கும். ‘உபதபாலதிபர் அவர்கட்கு. மேற்படி கட்டடத்தின் நடு அறையில் வசிக்கும் நான் கடந்த ஒரு மணித்தியாலமாகத் தாகத்தால் அவதியுறுவதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.’

அக்கா உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “முத்திரை இல்லை” என்று தந்தார். நான் என் சட்டைப்பையிலிருந்து காசு போட்டு முத்திரை வாங்கி ஒட்டினேன். சீல் குத்தினார், பிரித்தார், கண்ணாடி போட்டு வாசித்தார். சிரிப்பு வாயோரம் வந்து திரும்பிப் போனது. பதிலும் எழுதித் தந்தார். ‘தங்கள் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டு மணிக்கு ஆவன செய்யப்படும்.’

பதிலையும் தண்ணீரையும் சேர்த்துத்தான் அண்ணையிடம் கொடுத்தேன். கட்டில் ஆடச் சிரித்தார். நான் முன்னறைக்குத் திரும்பியதும் அக்கா என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“தண்ணி குடுத்தனீரோ?”

“ஓம் மிஸ்.”

“முழுக்கக் குடிச்சவரோ, மிச்சம் வைச்சவரோ?”

“முழுக்க.”

“அப்ப நல்லாய்த்தான் விடாய்ச்சிருக்கு” என்றார். அன்று பன்னிரண்டு அடித்தபோது, குடையை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

சண்டை மறுபடி தொடங்கிப் பாதை பூட்டியபிறகு தபால் பை கிழமைக்கு ஒருதரம் வந்தது. பிறகு மாதத்துக்கு ஒருதரம். பிறகு எப்போது என்று கேட்க ஆளில்லை. கந்தோர் மட்டும் எட்டரைக்குத் திறந்தது. கடிதமே இல்லாத நாளிலும் அக்கா சீலில் திகதியை மாற்றி, வெறும் தாளில் ஒன்று குத்திப் பார்த்து வைப்பார். “வெளிநாட்டிலை இருக்கிறவை நேரம் பாத்து நித்திரை கொள்ளினம், நாங்கள் திகதியாவது பாத்து இருப்பம்” என்றார்.

பிறகு சண்டை கிட்ட வர, வட்டக்கச்சியும் ஊரை விட்டு எழும்ப வேண்டி வந்தது. அண்ணையைக் கட்டிலோடு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றினோம். அக்கா சீல் கட்டையையும் தராசையும் பதிவுப் புத்தகங்களையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். குசினிச் சாமானில் பாதி அங்கேயே நின்றுவிட்டது. ஓரிடத்தில் ஒரு மாதம், இன்னோரிடத்தில் இரண்டு கிழமை. கடைசியாக உடையார்கட்டில் ஒருவருடைய தென்னங்காணியில் தறப்பாள் கூடாரம் ஒன்று கட்டினோம். பக்கத்தில் பங்கர் வெட்டினோம். நானும் தனி ஆள், என் தறப்பாள் பத்தடி தள்ளி.

ஒரு தறப்பாளுக்குள் கந்தோர் எது, வீடு எது? அக்கா தன் பழைய சேலை ஒன்றை நடுவில் கட்டினார். அந்தப் பக்கம் அண்ணை. இந்தப் பக்கம் தகரப் பெட்டி மேசை. காலை எட்டரைக்குப் பின்பக்கத்தால் குனிந்து வெளியே வந்து, தறப்பாளைச் சுற்றி நடந்து, முன்பக்கத்தால் குனிந்து உள்ளே வருவார். அயல் தறப்பாள்காரர் பார்த்தார்கள். அப்போது எவரும் பஸ் பிந்தியதா என்று கேட்கவில்லை.

நான்தான் கேட்டேன். “அக்கா, பை போகாதெண்டு தெரியும்தானே. ஏன் சனத்தின்ர கடிதங்களை வாங்கிறியள்?”

“வாங்கிறது என்ர வேலை. போறதும் போகாததும் ரோட்டின்ர வேலை” என்றார். வாங்கின கடிதத்தைப் பையில் போட்டுவிட்டு, “குடுத்திட்டுப் போற சனத்தின்ர முகத்தைப் பாரும். அரைப் பாரம் இஞ்சை இறங்கிவிடுது” என்றார்.

அண்ணைக்குப் படுக்கைப் புண் வந்தது அங்கேதான். வட்டக்கச்சியில் நாளுக்கு நாலு தரம் புரட்டிப் படுக்கவைத்து, பவுடர் போட்டு வைத்திருந்த முதுகு. இங்கே மண் ஈரம், செல் கூவினால் பங்கருக்குள் இழுக்கவேண்டும், மருந்துமில்லை. பிறகு காய்ச்சல். ஒரு பின்னேரம் நாலரைக்குப் பிறகு நானும் அக்காவும் அவரைச் சைக்கிளில் பலகை கட்டிப் பள்ளிக்கூடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கழுவிக் கட்டி, இரண்டு குளிசை தந்து, கிடத்த இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே நிலத்தில் கிடந்தவர்களைப் பார்த்தபிறகு நாங்களும் சைக்கிளைத் திருப்பினோம்.

அதற்கு மூன்றாம் நாள் ஒரு கதை வந்தது. காயக்காரரை ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்கு வாகனங்கள் போகப்போகின்றன, தபால் பை ஒன்றையும் ஏற்றலாமாம் என்று. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. காலை எட்டுக்கே தறப்பாளின் முன்னால் சனம் வரிசையில் நின்றது. உறை கிடைக்காதவர்கள் கொப்பித்தாளை மடித்து ஒட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வசனம்தான்: ‘நாங்கள் இருக்கிறம்.’ எழுத வராதவர்களுக்கு நான் எழுதினேன். அக்கா வாங்கி வாங்கிச் சீல் குத்தினார். எட்டரைக்கு முன்னால் அவர் அண்ணையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததைக் கண்டேன், “பன்ரண்டுக்கு வாறன்” என்று சொன்னதையும் நான் கேட்டேன். அண்ணை “ஓம் ஓம், போம்” என்றார்.

பத்தரை இருக்கும். சேலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “போஸ்ட்மாஸ்ரர் அம்மா” என்று வந்தது.

வரிசையில் முன்னால் நின்ற ஒருவர், “உள்ளை கூப்பிடுகினம்” என்றார்.

“பன்ரண்டுக்கு” என்றார் அக்கா. சேலைக்கும் கேட்கத்தக்கதாகத்தான் சொன்னார்.

நாலைந்து கடிதத்தில் சீல் விழுந்திருக்கும். பிறகு, மெதுவாக, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல், “இஞ்சாரும்.”

அக்காவின் கை சீலோடு மேலே நின்றது. நான் பார்த்தேன். கந்தோர் நேரத்தில் அந்தச் சொல்லை நான் முன்பு கேட்டதேயில்லை. நான் போகலாமென்று அரைவாசி எழும்பினேன். என் முன்னால் இருந்த வயதானவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். “தம்பி, கனடா விலாசம். வீட்டு இலக்கம் பிழைச்சால் மகனிட்டைப் போகாது. இதை முடிச்சிட்டுப் போம்.” நான் குனிந்து இலக்கத்தை எழுதினேன். காதில் சீல் விழுகிற சத்தம் கேட்டது. அடுத்த ஆள் நகர்ந்து வந்தார்.

பன்னிரண்டுக்கு அக்கா எழும்பினார். தறப்பாளைச் சுற்றவில்லை. சேலையைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போனார். நான் பையின் வாயை மடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்கா வெளியே வந்து, என்னிடம், “தம்பி, பையைக் கட்டும். வாகனம் வெளிக்கிட்டிடும்” என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

நான் பையைச் சைக்கிளில் வைத்து ரோட்டுக்கு உழக்கினேன். வாகனங்கள் உண்மையாகவே நின்றன. கதை பொய்யில்லை. ஆனால் கடைசி வாகனத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், “அண்ணை, இதுக்குள்ளை ஆக்களையே ஆக்களுக்கு மேலை கிடத்தியிருக்கு” என்றார். நான் கெஞ்சினேன். அவர் கதவைச் சாத்திவிட்டார்.

திரும்பி வரும்போது அயலவர்கள் தென்னைக்குப் பக்கத்தில் அண்ணைக்குக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா பையைப் பார்த்தார்.

“ஒண்டுகூட எடுக்கேல்லையோ?”

“இல்லை அக்கா.”

தலையை ஆட்டிவிட்டு அண்ணையின் காலடிக்குப் போனார். அடுத்த இடத்துக்கு எழும்பியபோது அந்தப் பையும் தகரப் பெட்டியும் தறப்பாளுக்குள்ளேயே கிடந்தன. நான் எடுக்கப் போனேன். “விடும்” என்றார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் நடந்ததுதான். நாங்களும் இடம்பெயர்ந்துகொண்டிருந்த சனத்துக்குள் நடந்தோம்.

நடக்கும்போது ஒருநாள், நான் கேட்காமலே சொன்னார்:

“முதல் கூப்பிட்டது கந்தோரை. ரெண்டாவது கூப்பிட்டது என்னை. நான் ரெண்டையும் ஒண்டெண்டு எடுத்துப்போட்டன்.”

“நானும் எழும்பினனான் அக்கா. எழும்பிப்போட்டு இருந்திட்டன்” என்றேன். அது அவருக்குக் கேட்டதோ தெரியாது.

வழியில் பிரிந்துபோய், பிறகு வவுனியாவில் கம்பிவேலி முகாமில் என் கூடாரத்துக்கு இரண்டு வரிசை தள்ளி அவரைக் கண்டேன். ஒருத்தருக்கும் தெரியாத ஆளாகிவிட்டிருந்தார். கந்தோர் அக்கா என்று கூப்பிட எங்கள் பக்கத்துச் சனம் அங்கே அதிகம் இல்லை. ஆனால் யார் யாரைக் கூப்பிட்டாலும் அவர் எழும்பினார். பக்கத்துக் கூடாரத்தில் பிள்ளை தாயைக் கூப்பிட்டால் எழும்புவார். ஒலிபெருக்கியில் யாருடையதோ பெயரை வாசித்தால் எழும்புவார். சோற்றில் கை வைத்தபடி எழும்பி, கை கழுவாமல், கூடாரம் கூடாரமாகப் போய்க் கேட்பார். சனம் முதலில் இரங்கியது. பிறகு, “போங்கோ அம்மா, இஞ்சை ஒருத்தரும் கூப்பிடேல்லை” என்று சலித்துக்கொண்டது.

ஒரு முற்பகல் நான் தண்ணீர் வரிசையில் வாளியோடு நின்றேன். அக்கா வெயிலுக்குள்ளால் நேரே என்னிடம் வந்தார்.

“கூப்பிட்டனீரோ தம்பி?”

“இல்லை அக்கா.”

போனார். பத்து அடி போய்த் திரும்பி வந்தார்.

“கூப்பிட்டமாதிரி இருந்துது.”

“நானில்லை அக்கா. போய் நிழலிலை இருங்கோ.”

மூன்றாம் முறையும் வந்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். நாலாம் முறை அவர் வாய் திறக்குமுன் நான், “ஓம் அக்கா, நான்தான் கூப்பிட்டனான்” என்றேன்.

அவருடைய முகம் அப்படியே இளகிப்போனது. மூச்சு வாங்க இன்னும் கிட்ட வந்தார்.

“வந்திட்டன். சொல்லும். என்ன வேணும்?”

ஒரு மிடறு தண்ணீர் என்றாவது நான் சொல்லியிருக்கலாம். வரிசை முன்னால் நகர்ந்தது. நான் நகரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார்.